உட்கார்ந்தால் ஓடும்

என் நண்பனுக்கு எட்டு வருடமாக ஒரே வேலை. ஓட்டைக்குள் கம்பி போகிறதா என்று பார்ப்பது.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் அவன் கான்ட்ராக்ட் இன்ஸ்பெக்டர். கையில் ஒரு சாண் நீள எஃகுக் கம்பி வைத்திருப்பான். அதற்கு கேஜ் என்று பெயர். ஒரு முனையில் பச்சை, மறுமுனையில் சிவப்பு. பச்சை முனை ஓட்டைக்குள் போக வேண்டும். அது ‘கோ’. சிவப்பு முனை மயிரிழை பெரியது, போகக் கூடாது. அது ‘நோ கோ’. பச்சை போய், சிவப்பு போகாவிட்டால் பாகம் பாஸ். ஒரு ஷிஃப்டில் எத்தனை ஓட்டை பார்த்தோம் என்று எண்ணுவதை அவன் எப்போதோ நிறுத்திவிட்டான்.

அந்த வேலை அவன் மண்டைக்குள்ளும் ஏறிவிட்டது. ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் நல்லவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டான். கோ என்பான், இல்லை நோ கோ என்பான். மாமனார் நோ கோ. வீட்டுக்காரர் மாதத்தின் முதல் வாரம் மட்டும் நோ கோ. கம்பெனி ஒரு பாகம் செய்வதை நிறுத்தியபோது அதற்குரிய பன்னிரண்டு மில்லி கேஜைக் கழித்துவிட்டார்கள். அதைக் கேட்டு வாங்கி வந்து சாவிக்கொத்தாக மாட்டிக்கொண்டான். ஞாயிறுதோறும் அதற்கு எண்ணெய் தடவித் துடைப்பான். தன் தலைக்கு அவன் அவ்வளவு ஒழுங்காக எண்ணெய் வைத்து நான் பார்த்ததில்லை.

அவன் வீட்டில் நான் மூன்று வாரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு முன் தளிப் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் ரோஜா வெட்டிக்கொண்டிருந்தேன். பூ விலை இறங்கியதும் ஆளைக் குறைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்தவன் நான், அதனால் முதலில் கிளம்பினேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதிலிருந்து இப்படித்தான். கிரானைட் பட்டறை, கோழிப்பண்ணை, தக்காளி லாரி, நடுவில் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. அந்தக் கடையில் ஆறு மாதம் இருந்தேன். படுக்கை கடைக்குள்ளேயே, அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் போட்டு. பெங்களூர்க் குளிருக்கு அட்டை நல்ல பொருள். மானிட்டர் வந்த அட்டை இன்னும் நல்லது, கால் முழுக்க நீட்டலாம்.

அங்கே என் வேலை புளோயர் பிடித்துத் தூசி ஊதுவது. வருகிற கம்ப்யூட்டரைத் திறந்து நடைபாதைக்குக் கொண்டுபோய் ஊதி, உள்ளே இருக்கும் பல்லியை எடுத்துப் போட்டுவிட்டு மேஜை மேல் வைத்துவிடுவேன். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம். ஒரு கம்ப்யூட்டருக்குள் தூசி எங்கெங்கே சேரும் என்று என்னைப்போல் தெரிந்தவர்கள் குறைவு. மற்றபடி எனக்குத் தெரிந்தது அதன் பாகங்களின் பெயர்கள் மட்டும்தான். ஆனால் நண்பன் எல்லாரிடமும், “நம்மாளு பெங்களூர்ல கம்ப்யூட்டர் லைன்ல இருந்தவன்” என்று சொல்லி வைத்திருந்தான். மறுக்கலாம் என்று நினைப்பதற்குள் சாப்பாட்டுத் தட்டு வந்துவிடும்.

நண்பனின் மனைவி தளிப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். கம்பெனி பஸ்ஸில் ஆரம்பித்த காதல் கல்யாணம். வீட்டில் தமிழ்தான் பேசுவாள். கோபம் வந்தால் தெலுங்கு. தெலுங்கும் போதாவிட்டால் மறுபடி தமிழுக்கு வருவாள், அப்போது நாம் வெளியே போய்விடுவது நல்லது. டிப்ளமோ படித்தவள். கம்ப்யூட்டரில் மெஷின் பாகங்களுக்கு டிராயிங் போடுகிற வேலையில் இருந்தாள். அவளுடைய கம்பெனி அந்தப் பிரிவையே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு வருடமாக இன்னொரு கம்பெனியில், நீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவள் கையில் துண்டுச்சீட்டோடு வந்தாள். சிறிய பட்டறை ஒன்றின் முதலாளி, அவளுடைய பழைய வேலையைத் தெரிந்தவர், கூப்பிட்டு மூன்று பழைய காகித டிராயிங்குகளையும் ஒரு சாம்பிள் இரும்புப் பாகத்தையும் கொடுத்திருந்தார். டிராயிங்கெல்லாம் எண்ணெய்க் கறை, மூலையில் எலி கடித்த தடம். அவற்றைக் கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்து திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். சரியாக இருந்தால் வீட்டிலிருந்தே மாதாமாதம் வேலை. இல்லாவிட்டால் பெங்களூரில் வேறொருவர் தயாராக இருக்கிறார். டிராயிங் சாஃப்ட்வேரை அவரே ஒரு பென் டிரைவில் கொடுத்துவிட்டார். கம்ப்யூட்டர் மட்டும் இவளுடையதாக இருக்க வேண்டும். எப்படிப்பட்டது வேண்டும் என்பதுதான் சீட்டில் எழுதியிருந்தது.

“செவ்வாக்கெழம குடுத்தா ஆவாதா?” என்றான் நண்பன்.

“செவ்வாக்கெழம நான் ஸ்டிக்கர் ஒட்டிகினு இருப்பேன்,” என்றாள்.

நண்பன் என்னைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். மூன்று வாரமாக நான் சாப்பிட்ட ராகிக் களியும் என்னைப் பார்த்தது. “பாகமா வாங்கிட்டு வந்தா நானே செட் பண்ணிடுவேன் தங்கச்சி,” என்றேன்.

“அண்ணா, ஒண்ணுக்கொண்ணு சேரணும். பாத்து வாங்கணும்.”

“அதெல்லாம் சேரும்,” என்றான் நண்பன். “உக்காந்தா ஓடும். நான் எட்டு வருஷமா பாக்கறதே அதான.”

சீட்டில் முதல் வரி, பிராசஸர் எட்டாவது ஜெனரேஷனுக்குக் குறையக் கூடாது என்பது. பிராசஸர்தான் கம்ப்யூட்டரின் மூளை. தீப்பெட்டி அளவுக்கு ஒரு சில்லு. அதை வருடத்துக்கு ஒரு தலைமுறையாக இறக்குகிறார்கள், ஆறாவது, ஏழாவது, எட்டாவது என்று. வெள்ளிக்கிழமை பஸ் ஏறி, அத்திப்பள்ளி தாண்டி, என் பழைய கடைக்கே போனேன். எட்டாவது ஜெனரேஷன் பிராசஸர் பழசு ஒன்று, ரேம், சாஃப்ட்வேர் ஏற்றிய எஸ்.எஸ்.டி., கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். டப்பா, காலி கேபினெட், எல்லாம் கிடைத்தன. இவை அத்தனையும் உட்காருகிற பலகை, மதர்போர்டு, அதுமட்டும் அன்றைக்கு அங்கே இல்லை.

“ஓசூர்லயே கெடைக்கும். பாத்து வாங்கு, செட் ஆகணும்,” என்றார் கடைக்காரர்.

எதைப் பார்த்து என்று நான் கேட்கவில்லை. அவர் கடையில் ஆறு மாதம் இருந்தவன் அதைக் கேட்டால் நன்றாக இருக்காது.

சனிக்கிழமை அவளுக்கு முதல் ஷிஃப்ட். போகும்போதே சொன்னாள். “மூணரைக்கு வந்துருவேன். அப்புறம் போலாம், நானும் வரேன்.”

“நீ எதுக்கு? ரெண்டு ஆம்பளைங்க இருக்கோம்,” என்றான் நண்பன்.

“அதான் பயமா இருக்கு,” என்று சொல்லிவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

நண்பனுக்கு அன்று மதியம்வரை வீட்டில் தண்ணீர் பிடிக்கிற வேலை. நான் தனியாகத்தான் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் கடை. நான் நுழைந்தபோது கடைக்காரர் போனில் யாரிடமோ தெலுங்கில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஓசூரில் ஒரு வியாபாரியிடம் அவர் மொழியில் பேசினால் பேச்சு நல்லபடியாக முடியும் என்பது இங்கே எல்லாரும் நம்புகிற விஷயம். எனக்கும் தெலுங்கு வரும். தக்காளி லாரியில் கிளீனராக இருந்தபோது ஆந்திராவில் குப்பம் என்ற ஊர்க்கார டிரைவரிடம் கற்றது. சாப்பாடு, டீசல், வசவு, இன்னும் எவ்வளவு தூரம், இவற்றைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன்.

எண்கள் மட்டும் ஐந்துவரைதான். தக்காளிப் பெட்டிகளை ஐந்தைந்தாகத்தான் எண்ணுவோம், அதற்குமேல் தேவைப்படவில்லை.

அவர் போனை வைத்ததும், “ஏமன்னா,” என்று தெலுங்கிலேயே ஆரம்பித்தேன். மதர்போர்டு வேண்டும் என்றேன். அவர் ஒன்றை எடுத்து வைத்தார். இதில் எந்த பிராசஸர் உட்காரும் என்று தெலுங்கில் கேட்டேன். அந்த வாக்கியத்தைச் சேர்க்க எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“ஆறு, எட்டு. ரெண்டூ படதாய்,” என்றார். இரண்டும் பொருந்தும் என்று அர்த்தம்.

அப்படித்தான் என் காதில் விழுந்தது. ஆறு என்றால் தெலுங்கிலும் ஆறுதான் போலிருக்கிறது, எட்டும் எட்டுதான், ஐந்துக்கு மேல் இவர்கள் நம்மையே பின்பற்றுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் இழுத்துச் சொல்கிறார், அவ்வளவுதான். நடுவில் ஏழு எங்கே போனது என்று ஒரு கணம் தோன்றியது. ஏழரையோடு சம்பந்தப்பட்ட எண்ணாயிற்றே, கம்பெனிக்காரன் தவிர்த்திருப்பான் என்று சமாதானமானேன்.

வீட்டுக்கு வந்து இதை நண்பனிடம் சொன்னேன். அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. “எங்க லைன்ல கூட பதிமூணாம் நம்பர் மெஷின் கெடையாது மச்சா. பன்னெண்டுக்கு அடுத்து பதினாலுதான்,” என்றான்.

மதியம் கூடத்தில் பாயை விரித்துப் பாகங்களைப் பரப்பினோம். கம்பெனியில் கேஜ் பிடிக்கிறபோது போடுகிற வெள்ளைத் துணிக் கையுறையை நண்பன் மாட்டிக்கொண்டான். முதலில் ஒரு சின்னச் சோதனை வந்தது. பக்கத்து வீட்டில் செத்துப்போன கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ரேம் வாங்கி வைத்திருந்தான். இருப்பதோடு அதையும் சேர்த்தால் இன்னும் வேகமாக ஓடுமாம். ரேம் என்பது ஸ்கேல் மாதிரி நீளமான பட்டை, அடியில் ஒரு வெட்டு இருக்கும். பலகையில் இருக்கிற மேடு அந்த வெட்டில் உட்கார வேண்டும். பக்கத்து வீட்டு ரேமில் வெட்டு கொஞ்சம் தள்ளி இருந்தது. நண்பன் எழுந்து உள்ளே போனான். திரும்பி வரும்போது கையில் அரம்.

“என்னாடா அது?”

“லேசா ரெண்டு இழுப்பு. உக்காந்துரும்.”

அரத்தைப் பிடுங்கி வைத்தேன். தூசி ஊதுகிறவனுக்கும் அந்த அளவு தெரியும். அவன் ரேமை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, “நோ கோ,” என்று தீர்ப்புச் சொல்லித் தனியாக வைத்தான். “பாத்தியா? சேராதது உக்காராது. பொருளே சொல்லிரும்.”

அடுத்தது பிராசஸர். பலகை நடுவில் அதற்கு ஒரு சதுரக் குழி. சில்லின் இரண்டு ஓரத்திலும் காது மாதிரி வெட்டு, குழியின் இரண்டு ஓரத்திலும் அதற்கேற்ற மேடு. நண்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு சில்லை இறக்கினான். அது கிணற்றுக்கு மூடி போட்ட மாதிரி உட்கார்ந்தது. விரலால் தொட்டுப் பார்த்தான். அசையவில்லை, ஆடவில்லை.

“கோ,” என்றான். மாமனாரே மனம் மாறி வந்து நின்றாலும் அவன் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

பிராசஸர் மேல் ஒரு பசை வைத்து, அதன் மேல் ஃபேனை மாட்ட வேண்டும். பசை ஒரு சின்ன ஊசிக்குழலில் வந்திருந்தது. ஒரு பருக்கை அளவு போதும் என்று யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம். நான் ஸ்க்ரூ தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நண்பன் குழல் முழுவதையும் பிதுக்கி, கட்டைவிரலால் நான்கு பக்கமும் அப்பிவிட்டான். கேட்டதற்கு, “பேரிங்குக்கு கிரீஸ் கம்மியா வெச்சா சத்தம் வரும்,” என்றான். ஃபேனை அழுத்தியதும் நான்கு பக்கமும் சாம்பல் நிறத்தில் மசியல் பிதுங்கியது. கையுறையைக் கழற்றிவிட்டுத் தன் பனியனால் துடைத்தான்.

மானிட்டர் கிடையாது, வீட்டு டி.வி.தான். ஒயரைச் சொருகி ஸ்விட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது. உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. நண்பன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். டி.வி.யில் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தது.

“சூடாகணும் போல,” என்றான்.

சூடாகட்டும் என்று டீ போட்டுக் குடித்தோம். சிக்னல் இல்லை. ஒயரை மாற்றினோம். ரேமை எடுத்து ஊதிப் போட்டோம். பழக்க தோஷத்தில் மொத்தப் பலகையையும் ஊதினேன், அதில் தூசியே இல்லை. நண்பன் டி.வி.யின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டினான். அதற்குமேல் எங்கள் இருவருக்கும் தெரிந்த வைத்தியம் முடிந்துவிட்டது. பாயில் உட்கார்ந்து ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மின்விசிறி வாங்கியிருந்தால் காற்றாவது வந்திருக்கும்.

மூன்றரைக்கு அவள் வந்தாள். நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டி.வி.யைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், நண்பனின் பனியனைப் பார்த்தாள்.

“எல்லாம் கோ தான்,” என்றான் அவன் அவசரமாக. “கச்சிதமா உக்காந்துச்சு. சும்மா சொல்லல.”

அவள் என் பக்கம் திரும்பினாள். “அண்ணா, இந்த போர்டுல எது சேரும்னு கேட்டீங்களா?”

“கேக்காம வாங்குவனா? ஆறு, எட்டு, ரெண்டும் சேரும்னாரு.”

“ஏழு?”

“ஏழு கெடையாதாம்.”

“ஆறும் எட்டும் சேருமாம், ஏழு சேராதாமா?” தோள்பையைக் கீழே வைத்தாள். “அவரு என்னா சொன்னாரோ, அப்பிடியே சொல்லுங்க.”

எனக்கு என் தெலுங்கைக் காட்ட ஒரு வாய்ப்பு. அவர் குரலிலேயே சொன்னேன். “ஆறு, ஏட்டு. ரெண்டூ படதாய்.”

“ஏட்டுன்னா சொன்னாரு?”

“லேசா இழுத்து. ஏட்டு... ஏடு. அவங்க அப்பிடித்தான சொல்லுவாங்க.”

“தெலுங்குல எட்டுக்கு என்னான்னு தெரியுமா அண்ணா?”

நான் ஃபேனைப் பார்த்தேன்.

“எனிமிதி,” என்றாள். “ஏடுன்னா ஏழு.”

முதலில் நண்பன் சிரிக்க ஆரம்பித்தான், அவள் திரும்பியதும் நிறுத்திக்கொண்டான். ஆனால் அவன் பிரச்சினை வேறு. எழுந்து போய்ப் பலகையைக் குனிந்து பார்த்தான். வெட்டு, மேடு, எல்லாம் சரியாக இருந்தது.

“ஆனா உக்காந்துச்சே,” என்றான். பாவமாக இருந்தது. “நோ கோன்னா உக்காரக் கூடாது இல்ல? எட்டு வருஷத்துல இப்பிடி ஒண்ணு நான் பாக்கல.”

“குழி எல்லாத்துக்கும் ஒண்ணாத்தான் வெச்சிருப்பாங்க. உக்கார்றதும் ஓடறதும் ஒண்ணா? நீ கூடத்தான் எட்டு வருஷமா கான்ட்ராக்ட்ல உக்காந்துகினு இருக்க.”

இது நல்ல தமிழில் வந்தது. நாங்கள் இருவரும் வெளியே போனோம்.

வெளியே நின்றபடியே கடைக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் ஷட்டர் இறங்கியிருந்தது. சனிக்கிழமை மதியத்தோடு சாத்திவிடுவாராம், ஞாயிறு விடுமுறை. பக்கத்து டீக்கடைக்காரர், “அவரு என் மச்சான்தான், வீடு கெலமங்கலம்,” என்று வழி சொன்னார். திரும்பி வந்தபோது அவள் அந்த மூன்று டிராயிங்குகளையும் பாயில் விரித்து, பென்சிலால் ஒரு நோட்டில் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் வரும் என்று நம்பி எழுதுகிறாளா, வராது என்று தெரிந்து கையை ஓயாமல் வைத்திருக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. நான் பல இடங்களில் வேலையை இழந்திருக்கிறேன். இன்னொருத்தருடைய வேலையை நான் தொலைத்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை நண்பனுக்கு ஓவர்டைம். கான்ட்ராக்ட்காரன் மாட்டேன் என்று சொல்ல முடியாது. பலகையைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நானும் அவளும் முதல் பஸ்ஸில் கெலமங்கலம் போனோம். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

“அங்க நீங்க பேச வேண்டாம் அண்ணா.”

கடைக்காரர் வெள்ளை வேட்டி கட்டி எங்கேயோ புறப்பட்டுக்கொண்டிருந்தார். அவள் அடக்கமாகத் தெலுங்கில் ஆரம்பித்தாள். நேற்று எங்கள் அண்ணன் உங்கள் கடையில் ஒரு போர்டு வாங்கினார், அதில் ஒரு தவறு நடந்துவிட்டது என்று. அவர் கேட்டுக்கொண்டே வந்து, பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“ஏம்மா, தமிழ் வராதா உனக்கு?”

“வரும்.”

“அப்ப தமிழ்லயே சொல்லு. எனக்குச் சொந்த ஊரு தர்மபுரி பக்கம். கடைக்குன்னு கத்துக்கினதுதான் இந்தத் தெலுங்கு.” என்னைப் பார்த்தார். “தம்பி தெலுங்குதான?”

நான் பேசக் கூடாது என்ற உத்தரவு ஞாபகம் இருந்தது. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினேன்.

“நீ ஏமன்னான்னு ஆரம்பிச்ச. சரி, தெலுங்குப் பையன், தமிழ் வராது போலன்னு நான் கஷ்டப்பட்டுத் தெலுங்குல சொன்னேன். நீ எந்த ஊரு?”

“கிருஷ்ணகிரிங்க,” என்றேன்.

“ரெண்டு தமிழாளுங்க தெலுங்குல பேசி ஒரு போர்ட வித்திருக்கோம்,” என்று உள்ளே பார்த்து மனைவியிடம் சொன்னார். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. நண்பனின் மனைவிகூடச் சிரித்துவிட்டாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

ஆனால் அவர் கிளம்பிக்கொண்டிருந்தது நாட்றாம்பாளையத்துக்கு, சொந்தத்தில் ஒரு காதுகுத்து. மலைப் பாதை, பஸ்ஸும் குறைவு. திரும்ப செவ்வாய் ஆகும், வந்து மாற்றித் தருகிறேன் என்றார். எட்டாவது ஜெனரேஷன் போர்டு கடையில் இருக்கிறதாம்.

அவள் கெஞ்சவில்லை. நாளை காலை பத்து மணி என்றால் என்ன என்பதை மட்டும் சொன்னாள். “செவ்வாக்கெழம கெடச்சா எனக்கு அது பொம்மதாங்க. டிப்ளமோ முடிச்சிட்டு ரெண்டு வருஷமா பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டறேன். இது போனா மறுபடி யாரும் கூப்பிட மாட்டாங்க.”

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், மறுபடி இறக்கிவிட்டார். பிறகு போனை எடுத்து டீக்கடை மச்சானைக் கூப்பிட்டு, கடையைத் திறந்துவிடச் சொன்னார். அவளிடம், “மேல் வரிசையில மூணாவது டப்பா. இந்த போர்ட அதே எடத்துல வெச்சிரும்மா,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, மூன்று விரலைக் காட்டினார். “தம்பி, மூணு. தமிழ்ல சொல்றேன்.”

காலை பதினோரு மணிவாக்கில் புதிய பலகை பாய்மேல் இருந்தது. இந்தத் தடவை அவளே உட்கார்ந்து மாட்டினாள். டப்பாவிலிருந்த புத்தகத்தை முதலில் படித்தாள். அப்படி ஒரு வழி இருப்பது எங்களுக்குத் தோன்றவில்லை. என்னிடம் ஸ்க்ரூக்களை ஒரு கிண்ணத்தில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் பிடித்துக்கொண்டேன். பழைய பசையில் நண்பனின் பனியன் போக மிச்சமிருந்ததே ஒரு பருக்கைக்கு மேல் தேறியது. ஸ்விட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. நான் டி.வி. பக்கம் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அதிலேயே தெரிந்துவிட்டது.

அன்று பகல் முழுக்க அவள் வரைந்துகொண்டிருந்தாள். டி.வி. திரையில் இரும்புப் பாகம் ஒன்று பச்சை நிறத்தில் திரும்பித் திரும்பித் தெரிந்தது. நான் சோறு வடித்தேன், ரசம் வைத்தேன். அதில் உப்பு அதிகம் என்பதை அவள் கவனிக்கவில்லை. சாயங்காலம் நண்பன் வந்தபோது இரண்டு டிராயிங் முடிந்திருந்தது. மூன்றாவதில்தான் சிக்கல். சாம்பிள் பாகத்துக்குரிய டிராயிங் அது. அந்தப் பாகத்தில் நான்கு ஓட்டைகள். ஓட்டை பன்னிரண்டு மில்லி, அதற்குப் பக்கத்தில் எச் என்ற எழுத்து, எச்சுக்குப் பிறகு ஒரு எண். அந்த எண்ணின் மேல்தான் எண்ணெய்க் கறை. ஓட்டை எவ்வளவு நுணுக்கமாக இருக்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்லும்.

“ஏழாகவும் இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்,” என்றாள். “மொதலாளி ஞாயித்துக்கெழம போன் எடுக்க மாட்டாரு. தப்பாப் போட்டா அவ்ளோதான், பாகம் அத்தனையும் தப்பா வந்துரும்.”

மறுபடியும் ஏழா எட்டா என்றதும் நான் எழுந்து அடுப்படிக்குப் போகப் பார்த்தேன்.

நண்பன் சாம்பிள் பாகத்தைக் கையில் எடுத்தான். சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். அன்று ஞாயிறு. எண்ணெய் தடவுகிற நாள். கேஜை முதலில் துணியால் துடைத்தான், ஓட்டைகளையும் துடைத்தான். பச்சை முனையை விட்டான். வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. திருப்பினான். சிவப்பு முனை வாயிலேயே நின்றது. அடுத்த ஓட்டை, அடுத்தது, நான்காவது. நான்கிலும் சிவப்பு நின்றது. அவன் அழுத்தவே இல்லை. கேஜின் எடை எவ்வளவோ அவ்வளவுதான் அழுத்தம். சனிக்கிழமை கிரீஸ் அப்பின அதே கைதானா என்று இருந்தது.

“இது எச் ஏழு கேஜ்,” என்றான். “எட்டுன்னா ஓட்டை இன்னும் கொஞ்சம் லூசா இருக்கலாம், நாலுல ஒண்ணுலயாவது செவப்பு போயிருக்கும். ஏழு.”

“எந்த பாஷையில?” என்றாள்.

“உங்க பாஷையில ஏடு, கன்னடத்துல ஏளு, எங்க கம்பெனியில செவன். எல்லாத்துலயும் ஏழுதான். போட்டுக்கோ.”

அவள் ஏழைத் தட்டினாள்.

திங்கட்கிழமை அவள் ஒன்பதரைக்கே பட்டறைக்குப் போய்விட்டாள். பத்தரைக்குத் திரும்பினாள். முதலாளி எதுவும் பாராட்டவில்லையாம். மூன்றாவது டிராயிங்கைக் கிட்டே வைத்துப் பார்த்துவிட்டு, அந்த ஏழைத் தொட்டு, இது எப்படித் தெரிந்தது என்று மட்டும் கேட்டாராம். வீட்டில் கேஜ் இருக்கிறது, பார்க்கிற ஆளும் இருக்கிறார் என்று சொன்னாளாம். உள்ளே போய் ஒரு பை நிறையப் பழைய டிராயிங்குகளைக் கொண்டுவந்து கொடுத்தாராம். அவள் அந்தப் பையைப் பாய்மேல் வைத்துவிட்டு நீலக் கோட்டைத் தேடினாள். ஸ்டிக்கர் வேலைக்குக் கிளம்புகிறாளோ என்று நினைத்தேன். அதை உதறி கேபினெட் மேல் போர்த்தினாள்.

“தூசி படாது,” என்றாள். “எங்கெங்க படும்னு உங்களுக்குத்தான் தெரியும், சரியா மூடியிருக்கா பாருங்க அண்ணா.”

பின்பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டேன். அங்கேதான் நிறையச் சேரும்.